கொள்ளுத்தாத்தா எந்த ஊர்? போர்த்துகீசிய மூதாதையரைத் தேடிப் பிடிக்கும் வழி

கேள்வி: "என் மனைவி கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா போர்த்துகீசியர். 1880களில் சிறுவனாகப் பெற்றோருடன் ஹவாய்க்கு வந்து, பெரியவனானபின் ஓக்லாண்டுக்குக் குடிபெயர்ந்தார் என்பதுவரைதான் வீட்டில் தெரிகிறது. குடும்பப் பெயர் பெரி. போர்த்துகல் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

போர்த்துகலுக்கு இப்போது எழுதாதீர்கள். எழுதினால், "எந்தப் பங்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். பங்கு என்றால் ஒரு பாதிரியாரின் பொறுப்பிலுள்ள கத்தோலிக்கத் தேவாலய வட்டாரம். அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

காரணம் எளிது. 1911 வரை அந்த நாட்டில் கத்தோலிக்கர்களின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைத்தவர்கள் பங்குத்தந்தையர்தான். 1910 அக்டோபரில் முடியாட்சி கவிழ்ந்து குடியரசு வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல்தான் அரசு அலுவலகத்தில் பதிவது எல்லாருக்கும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய கோயில் பதிவேடுகள் இன்று அரசுக் காப்பகங்களில் இருக்கின்றன. பெரும்பாலானவை படமெடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை பங்கு வாரியாக அடுக்கப்பட்டவை. நாடு முழுவதற்கும் பொதுவான பெயர்ப் பட்டியல் கிடையாது. பெயரைத் தட்டச்சு செய்தால் ஆள் வந்து நிற்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் தேடவேண்டியது பெயரையல்ல, ஊரை. அந்த ஊரின் பெயர் ஏதாவது ஓர் அமெரிக்கத் தாளில் ஒளிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் சொன்ன அந்த இரண்டு வரியிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது: 1880கள், ஹவாய். அந்தக் காலத்தில் ஹவாய் தனி அரசு. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1878 செப்டம்பர் 30 அன்று 'பிரிசில்லா' என்ற கப்பல் போர்த்துகலுக்குரிய மதீராத் தீவின் ஃபுன்ஷால் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 120 பேரை ஹொனலூலுவில் இறக்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது. உகுலேலே என்ற ஹவாய் இசைக்கருவியை முதலில் செய்து விற்ற தச்சர்கள் மூவர் அந்தக் கப்பலில் வந்தவர்களே. அதன்பிறகு பத்தாண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். பெரும்பகுதியினர் மதீராவிலிருந்தும், அதேபோலப் போர்த்துகலுக்குரிய அசோரெஸ் தீவுக்கூட்டத்திலுள்ள சாவ் மிகேல் தீவிலிருந்தும் வந்தவர்கள். 1906இல் 'சூவெரிக்', 1907இல் 'குமெரிக்' என்று பின்னாளில் இன்னோர் அலை வந்தது. உங்கள் ஆள் அதற்கு மூத்தவர்.

எனவே தெர்செய்ரா, பிக்கோ, ஃபயால் என்று ஒன்பது அசோரெஸ் தீவுகளையும் முதல் நாளே துழாவ வேண்டாம். சாவ் மிகேல் அல்லது மதீரா என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இதே குடும்பம் நேரடியாகக் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்கு மாடு மேய்க்கப் போயிருந்தால், தெர்செய்ரா, சாவ் ஜோர்ஜ் தீவுகளை முதலில் பாருங்கள் என்பேன். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் பஞ்சாலைக்குப் போயிருந்தால் மறுபடியும் சாவ் மிகேல். திமிங்கில வேட்டைக் கப்பலேறி நியூ பெட்ஃபோர்டில் இறங்கியவர் என்றால் ஃபயால், பிக்கோ. தீவுக்கு ஒரு திசை என்று ஊர்விட்டுப் போன சனங்கள் இவர்கள். ஒருவர் போன இடத்துக்கே அண்ணன் தம்பியும் பக்கத்து வீட்டாரும் பின்னாலேயே போனார்கள்.

ஹவாய்க்கு வந்த போர்த்துகீசியரிடம் ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற நாட்டுக் கூலிகளில் தனி ஆண்களே மிகுதி. இவர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். தேடுகிறவருக்கு இது வரம். ஹொனலூலுவிலுள்ள ஹவாய் மாநில ஆவணக் காப்பகத்தில் கப்பல் பயணிகள் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் 'மனுவல் பெரெய்ரா' என்று தனியாகத் தேடினால் தலை சுற்றும் ('பெரி' பெரும்பாலும் பெரெய்ராதான், பிறகு சொல்கிறேன்). அந்தப் பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. குடும்பத்தை மொத்தமாகத் தேடுங்கள். அப்பா, அம்மா, அவர்களுக்குக் கீழே பிள்ளைகளின் பெயரும் வயதும் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள். மரியா பதினொன்று, ஜோசே எட்டு, அந்தோனியோ ஐந்து, ஒரு கைக்குழந்தை என்ற வரிசை இரண்டு குடும்பங்களுக்கு அப்படியே பொருந்துவது அரிது.

அந்த வரிசையை எங்கிருந்து பெறுவது? ஹவாய் 1898இல் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டதால், அங்கே எடுக்கப்பட்ட முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு 1900ஆம் ஆண்டுடையது. பிறந்த மாதம், ஆண்டு, குடியேறிய ஆண்டு மூன்றையும் அதில் கேட்டிருக்கிறார்கள். குடும்பம் அப்போது ஓக்லாண்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் ஒரே பக்கத்தில் எல்லாரும் கிடைப்பார்கள். 1910, 1920 கணக்குகளைக் கலிபோர்னியாவில் பாருங்கள். பிறந்த நாடு என்ற கட்டத்தில் 'போர்த்துகல்' என்று மட்டும் இருந்தால் மனம் தளரவேண்டாம். வேறொரு ஆண்டுக் கணக்கில் அதே ஆளுக்கு 'அசோரெஸ்' என்றோ 'அட்லாண்டிக் தீவுகள்' என்றோ எழுதியிருக்கலாம். பழைய தாள்களில் 'மேற்குத் தீவுகள்' என்று வருவதும் அசோரெஸ்தான். செயின்ட் மைக்கேல் என்று இருந்தால் அது சாவ் மிகேல்.

ஊர்ப்பெயர் வரை போகும் தாள்கள் வேறு. உங்கள் கொள்ளுத்தாத்தா 1880ஐ ஒட்டிப் பிறந்தவர் என்றால், முதல் உலகப்போருக்கான ஆள்பதிவில் அவர் வயதுக்காரர்கள் 1918 செப்டம்பரில்தான் பதிந்தார்கள். அந்தப் படிவத்தில் பிறந்த ஊர் கேட்கப்படவில்லை. நெருங்கிய உறவினர் பெயர் மட்டும் கிடைக்கும். ஆனால் 1942 ஏப்ரலில், இரண்டாம் உலகப்போரின்போது, 45 முதல் 64 வயது வரையிலான ஆண்களையும் அமெரிக்க அரசு பதியச் சொன்னது. 'கிழவர் பட்டியல்' என்று கேலியாகச் சொல்லப்படும் அந்த அட்டையில் பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அவர் அப்போது உயிரோடு இருந்தாரானால் நான் முதலில் எடுக்கச் சொல்லும் தாள் அதுதான். எழுத்துக்கூட்டல் கோணல்மாணலாக இருக்கும். 'ரிபெய்ரா' என்பதை ஒரு ஐரிஷ்கார எழுத்தர் எப்படிக் காதில் வாங்கினாரோ அப்படித்தான் எழுதியிருப்பார். உரக்கப் படித்துப் பாருங்கள், ஊர் புலப்படும்.

குடியுரிமைத் தாள்கள் பொதுவாகத் தங்கச் சுரங்கம். 1906இல் வந்த சட்டத்துக்குப் பிந்தைய விண்ணப்பங்களில் பிறந்த இடம், நாள், வந்த கப்பல் எல்லாம் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் 'போர்த்துகல் மன்னருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறேன்' என்பதற்கு மேல் அதிகம் இராது. ஆனால் ஹவாய்க்காரர்களிடம் ஒரு சிக்கல் உண்டு: 1898 ஆகஸ்டில் ஹவாய்க் குடியரசின் குடிமக்களாக இருந்தவர்களை 1900ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே அமெரிக்கக் குடிமக்களாக ஏற்றுக்கொண்டது. அவருடைய தகப்பனார் முன்பே ஹவாய்க் குடியுரிமை வாங்கியிருந்தால் அமெரிக்க நீதிமன்றத்தில் தாளே இராது. அதையும் ஹொனலூலுக் காப்பகத்திலேயே கேட்கவேண்டும்.

கோயிலை மறந்துவிடாதீர்கள். குடும்பத்தில் யாராவது ஹவாயிலோ கலிபோர்னியாவிலோ பங்குக் கோயிலில் திருமணம் செய்திருந்தால், அந்தப் பதிவில் மணமக்கள் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற பங்கைப் பாதிரியார் குறித்திருக்க வாய்ப்புண்டு. இந்த ஒரு வரிக்காகவே உங்கள் நேரடி மூதாதையரோடு நில்லாமல் அவருடைய அண்ணன், அக்கா, சித்தப்பா வரை தேடவேண்டியிருக்கிறது. ஹவாயில் சில பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். அங்கே ஜோசே 'ஜோசேபுஸ்' ஆகவும், மனுவல் 'எம்மானுவேல்' ஆகவும் இருப்பார்கள். கலிபோர்னியாவில் போர்த்துகீசியரின் உதவிச் சங்கங்கள் வேறு இருந்தன: சான் லியான்ட்ரோவில் 1880இல் தொடங்கிய 'யூனியாவ் போர்த்துகேசா' போன்றவை. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும் சங்கங்கள் என்பதால் விவரங்களைக் கறாராக வாங்கி வைத்தார்கள். கல்லறைக் கல்லையும் போய்ப் பாருங்கள். 'இன்ன தீவில் பிறந்தவர்' என்று பொறித்துவைப்பது அவர்களிடம் அபூர்வமில்லை.

இனிப் பெயர். 'பெரி' என்பது பெரும்பாலும் பெரெய்ராதான். ரொட்ரீகெஸ் 'ரோஜர்ஸ்' ஆனார். இனாசியோ 'ஈனோஸ்' ஆனார். அரசன் என்று பொருள்படும் ரெய்ஸ் நேராக 'கிங்' ஆனார். கர்வாலியோ 'ஓக்ஸ்' ஆனார். துறைமுக அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று குடும்பங்களில் கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. பெயரை மாற்றியவர்கள் பிறகு வந்த பள்ளி ஆசிரியர்கள், தோட்டத்துக் கணக்கர்கள், முக்கியமாகக் குடியேறியவர்களே.

இதைவிடப் பெரிய தலைவலி, ஊரிலேயே குடும்பப் பெயர் நிலையாக இல்லாதது. இங்கே தமிழருக்கு ஒரு வசதி உண்டு. அப்பா பெயரை இரண்டாம் பெயராக வைத்துக்கொள்ளும் நமக்கு, ஜோசேயின் மகன் 'மனுவல் ஜோசே' என்று அழைக்கப்படுவதில் வியப்பு ஒன்றும் இல்லை; பரம்பரைக் குடும்பப் பெயரோடு பழகிய அமெரிக்கர்கள்தான் திணறுகிறார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவன் பெரெய்ரா, அடுத்தவன் தாய்வழிப் பெயரில் மெடெய்ரோஸ், மூன்றாமவன் பட்டப்பெயரோடு என்று இருப்பார்கள். பெண்களுக்கோ குடும்பப் பெயரே இல்லாமல் 'மரியா தெ ஜெசூஸ்', 'ரோசா தா கொன்செய்சாவ்' என்று பக்திப் பெயர்தான் இருக்கும். திருமணத்துக்குப் பின் கணவன் பெயரை ஏற்பது அங்கே வழக்கமில்லை. ஆகவே ஒரு பதிவு உங்களுடையதா என்று தீர்மானிக்கக் குடும்பப் பெயரை மட்டும் நம்பக்கூடாது. பெற்றோர் இருவரின் பெயர், ஊர், முடிந்தால் தாத்தா பாட்டி பெயர் எல்லாம் சேர்ந்து ஒத்துப்போகவேண்டும். அதேபோல, பெரெய்ரா என்ற பெயர் உள்ளவர்களெல்லாம் ஒரு குலமும் அல்ல. தூத்துக்குடிக் கடற்கரையில் மச்சாடோ, ரோச், வாஸ் என்ற பெயர்கள் 1530களில் பரதவர் திருமுழுக்குப் பெற்ற நிகழ்வோடு வந்தவை. அவற்றை வைத்து லிஸ்பனில் உறவு தேட முடியாது அல்லவா?

பங்கு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அசோரெஸ் தீவுகளின் பதிவேடுகள் அந்தத் தன்னாட்சிப் பகுதி அரசின் பண்பாட்டு இணையதளத்தில் தீவு, ஊராட்சி, பங்கு, ஆண்டு என்று படிப்படியாக விரியும். மதீராவுக்கு ஃபுன்ஷாலில் உள்ள காப்பகம். பெயர் வாரியான சில அட்டவணைகளை அவர்கள் செய்து வைத்திருப்பதால் மதீராக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பெருநிலப் பகுதிக்கு லிஸ்பனின் தோரே தொ தொம்பு காப்பகமும் மாவட்டக் காப்பகங்களும் உண்டு. இவற்றில் பலவற்றின் நுண்படங்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்திலும் காணலாம். ஆண்டிறுதியில் அட்டவணை இருந்தால் அது குடும்பப் பெயர் வரிசையில் இராது, திருமுழுக்குப் பெயர் வரிசையில் இருக்கும். 'ம' வரிசையில் மனுவல், மரியா என்று பக்கம் பக்கமாக வரும். பொறுமை வேண்டும்.

பதிவைத் திறந்தால் கையெழுத்து முதலில் கலவரப்படுத்தும். ஆனால் 1860 முதல் எல்லாப் பங்குகளிலும் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில்தான் எழுதினார்கள். இடது ஓரத்தில் வரிசை எண்ணும் குழந்தையின் பெயரும். உள்ளே முதல் வரியில் திருமுழுக்கு நாள் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். பிறகு கோயிலின் பெயர், தீவு, மறைமாவட்டம், திருமுழுக்கு அளித்த குருவின் பெயர். அதன்பின் குழந்தையின் பெயர், பிறந்த நாள், மணி. அடுத்து வருவதுதான் சாறு: தகப்பன் பெயர், தொழில், எந்த ஊர்க்காரன், தாய் பெயர், எந்த ஊர்க்காரி, எந்தக் கோயிலில் திருமணமானவர்கள், எந்தத் தெருவில் குடியிருப்பு, அதற்குப் பின் தந்தைவழி, தாய்வழித் தாத்தா பாட்டி நால்வரின் பெயர்கள், கடைசியில் ஞானப்பெற்றோர். ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை. பத்துப் பதிவுகளை வரிசையாகப் படித்தால் போதும், பதினோராவது பதிவில் கண் தானாகச் சரியான சொல்லில் போய் நிற்கும். போர்த்துகீசிய மொழி தெரியவேண்டிய அவசியமில்லை. ஐம்பது சொற்கள் போதும்.

ஓரக் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் அந்த ஆளின் திருமணமோ இறப்போ தெரியவந்தால் அதே பதிவின் ஓரத்தில் எழுதிவைத்திருப்பார்கள். கடல் கடந்து போனவருக்கும் அபூர்வமாக அப்படி ஒரு குறிப்பு கிடைக்கும்.

பழைய குருக்கள் சொற்களைச் சுருக்கி எழுதினார்கள். 7 என்ற எண்ணுக்குப் பின் 'ப்ரோ' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8, 9 வந்தால் அக்டோபர், நவம்பர். ரோமன் பத்து வந்தால் டிசம்பர். இணையத்தில் பிறர் போட்டுவைத்திருக்கும் வம்சாவளிகளில் இந்தத் தவறு எத்தனையோ இடங்களில் தொடர்கிறது. பொதுவாகவே அந்த வம்சாவளிகளைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சான்றாக அல்ல. ஒருவர் தவறாக ஒட்டியதை நூறு பேர் நகலெடுத்தால் அது நூறு சான்றாகிவிடாது.

சரியான ஆண்டில் சரியான பெற்றோருக்கு ஒரு ஜோசே கிடைத்துவிட்டான் என்று துள்ளிக் குதிக்குமுன், அடுத்த நான்கைந்து ஆண்டுகளையும் இறப்புப் பதிவேட்டையும் பாருங்கள். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது அங்கே சர்வசாதாரணம். ஹவாய்க்குக் கப்பலேறியவன் இரண்டாவது ஜோசேயாக இருக்கலாம். வயதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். அமெரிக்கத் தாளில் உள்ள ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டு விட்டுத் தேடுவதே முறை.

'தந்தை பெயர் அறியப்படாதவர்' என்றோ, பெற்றோர் பெயரே இல்லாமல் 'கைவிடப்பட்ட குழந்தை' என்றோ இருந்தால் அந்தக் கிளை அநேகமாக அங்கே முடிகிறது. அந்தக் காலத்தில் மடங்களிலும் கருணை இல்லங்களிலும் சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்தது. யாரென்று தெரியாமல் குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போனார்கள். உடன் வைத்த துணி, சீட்டு போன்றவற்றைச் சில பதிவேடுகளில் குறித்திருக்கிறார்கள்.

தீவுகள் சிறியவை, பெண் கொடுப்பதும் எடுப்பதும் உள்ளுக்குள்ளேயே. திருமணப் பதிவில் 'மூன்றாம் படி, நான்காம் படி இரத்த உறவுக்கு விலக்கு' (உறவினர் மணக்கத் திருச்சபை தந்த அனுமதி) என்று வந்தால் அதை நன்றாகப் படியுங்கள். மணமக்களுக்குப் பொதுவான மூதாதையர் எத்தனை தலைமுறைக்கு முந்தையவர் என்பதை அது சுட்டுகிறது. இதே காரணத்தால்தான் மரபணுச் சோதனை முடிவுகளை இந்தத் தேடலில் அடக்கியே வாசிக்கவேண்டும். பல வழிகளில் உறவான இருவர், சோதனையில் உண்மையைவிட நெருங்கியவர்களாகத் தெரிவார்கள். எந்தத் தீவு என்று திசைகாட்ட அது உதவும். எந்தத் தாத்தா என்று தீர்ப்பளிக்காது.

கடவுச்சீட்டுப் பதிவேடுகளும் தீவுக் காப்பகங்களில் இருக்கின்றன. ஹவாய்க்கு ஒப்பந்தத்தில் போன குடும்பங்களை அவற்றில் தேடிப் பார்ப்பது நல்லது. அங்கே இல்லையென்றால் போகவில்லை என்று பொருளல்ல. இராணுவச் சேவை வயதை நெருங்கிய பையன்கள் வெளிநாடு போகப் பிணைத்தொகை கட்டவேண்டியிருந்தது; கட்ட வழியில்லாதவர்கள் இருட்டில் படகேறிக் கப்பலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு எந்தத் தாளும் இல்லை.

நீங்கள் செய்யவேண்டிய வரிசை இது: 1900 கணக்கு, 1942 அட்டை, கலிபோர்னிய இறப்புச் சான்றிதழ். இறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரைப் பாருங்கள். விவரம் சொன்னவர் மகனோ மருமகளோ என்பதால் பாதிதான் நம்பலாம். இவற்றோடு கப்பல் பட்டியலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மனைவியின் மாமா, பெரியம்மா வீடுகளிலுள்ள பழைய ஜெபப் புத்தகங்கள், இறந்தோர் நினைவு அட்டைகள், புகைப்படங்களின் பின்புறம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பங்கின் பெயர் கிடைத்தால் தீவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். லாஜெஸ் பிக்கோவிலும் உண்டு, ஃப்ளோரெஸிலும் உண்டு, தெர்செய்ராவிலும் உண்டு. சாந்தா பார்பரா என்ற பெயரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தீவுகளில் பங்குகள் இருக்கின்றன. ஊர்ப்பெயரும் தீவும் கையில் இருந்தால், பதிவேட்டின் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடியும் எழுதுங்கள். கையெழுத்து புரியாத இடங்களைச் சேர்ந்தே படிக்கலாம்.